580 வோல்ட்: எலெக்ட்ரோஸ்டாட்டிக் ஹெட்ஃபோனும் அதை ஓட்டும் பெட்டியும்

எலெக்ட்ரோஸ்டாட்டிக் ஹெட்ஃபோன் வாங்க நினைக்கிறவர்கள் எல்லாரும் தடுமாறுகிற இடம் ஒன்றுதான், ஆம்ப்ளிஃபையர். சாதாரண ஹெட்ஃபோனை மொபைலில் செருகினால் சுமாராகவாவது பாடிவிடும். இதைச் செருகவே முடியாது, பிளக்கே வேறு. இதற்கென்று தனியாக ஒரு ஆம்ப் வேண்டும். அந்த ஆம்ப் உலகத்தில் வேறு எதற்கும் உதவாது. பல சமயம் ஹெட்ஃபோனைவிட ஆம்பின் விலைதான் அதிகம். அதற்கப்புறமும் விடமாட்டார்கள். "இந்த ஆம்பில் கேட்டா பாதிதான் தெரியும், அடுத்த மாடலுக்குப் போங்க" என்று யாராவது சொல்லிக்கொண்டே இருப்பார்கள்.

இந்தப் பேச்சில் எவ்வளவு உண்மை, எவ்வளவு வியாபாரம்? எனக்கு இது வெறும் ஆராய்ச்சிக் கேள்வி இல்லை. என்னிடம் இருப்பது ஸ்டாக்ஸ் எஸ்ஆர்எம்-டி1 என்கிற ஆம்ப். 1987-ல் வந்த வடிவமைப்பு, ஜப்பானிலிருந்து செகண்ட் ஹேண்டாக வந்து சேர்ந்தது. அதைக் கொடுத்துவிட்டுப் பெரிய ஆம்ப் ஒன்று வாங்குவதென்றால் ஒரு பழைய கார் வாங்குகிற பணம் ஆகும். வீட்டில் இதை நியாயப்படுத்த என்னிடம் ஒரு வாக்கியம்கூட இல்லை. அதனால் கொஞ்ச மாதங்களாக இந்த ஆம்ப்களின் வரலாற்றைத் தோண்டிக்கொண்டிருந்தேன். அந்தக் குறிப்புகளைத்தான் இங்கே கோர்த்திருக்கிறேன்.

முதலில் இது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். ஈசிஇ படித்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். சாதாரண ஹெட்ஃபோனில் காந்தமும் கம்பிச்சுருளும் இருக்கும். சுருளில் கரண்ட் ஓடினால் அது நகரும், அதோடு ஒட்டியிருக்கிற கூம்பும் நகரும். எலெக்ட்ரோஸ்டாட்டிக்கில் காந்தமும் இல்லை, சுருளும் இல்லை. துளையிட்ட இரண்டு உலோகத் தகடுகள், நடுவில் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய ஒரு பிளாஸ்டிக் சவ்வு, அவ்வளவுதான். சவ்வின்மேல் மின்கடத்தும் பூச்சு இருக்கும். அதில் சில நூறு வோல்ட் நிலையான மின்னழுத்தம் ஏற்றி வைத்திருப்பார்கள். இதற்குப் பெயர் பயாஸ். தகடுகளை ஸ்டேட்டர் என்பார்கள். பாட்டின் சிக்னலை ஒரு ஸ்டேட்டருக்கு நேராகவும் மற்றதற்குத் தலைகீழாகவும் கொடுத்தால் ஒரு தகடு சவ்வை இழுக்கும், இன்னொன்று தள்ளும். சவ்வு முழுப் பரப்பிலும் ஒரே மாதிரி நகரும். சுருள் ஒரு இடத்தில் தள்ள, கூம்பின் மற்ற பகுதிகள் பின்னாலேயே வளைந்து நெளிந்து வருகிற பிரச்சினை இங்கே கிடையாது.

இதில் புதிய தத்துவம் எதுவும் இல்லை. 1917-ல் பெல் நிறுவன வட்டாரத்தில் ஈ. சி. வென்டே செய்த கண்டென்சர் மைக்கைத் திருப்பிப் போட்டால் கிடைப்பது கிட்டத்தட்ட இதுதான். ஆனால் ஒலிபெருக்கியாகச் சரியாக வேலை செய்ய வைக்கப் பல பத்தாண்டுகள் ஆயின. அதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, சவ்வுக்கு ஏற்ற பொருள் கிடையாது. மைலார் போன்ற பாலியெஸ்டர் ஃபிலிம் 1950-களில்தான் சந்தைக்கு வந்தது. இன்னொன்று கணக்கு சம்பந்தப்பட்டது. சவ்வு நகரும்போது அதிலிருக்கிற மின்னூட்டம் உள்ளே வெளியே ஓடினால், விசை சிக்னலுக்கு நேர்விகிதமாக இருக்காது, ஒலி திரிந்துபோகும். மின்னூட்டம் ஓடிவிடாதபடி பயாஸ் வரும் வழியில் மிகப் பெரிய ரெசிஸ்டன்ஸை வைத்தால் விசை நேர்கோடாகிவிடும். ஃபிரெடெரிக் ஹன்ட் 1954-ல் எழுதிய எலெக்ட்ரோஅகூஸ்டிக்ஸ் நூலில் இந்த விஷயம் இருக்கிறது. இங்கிலாந்தின் பீட்டர் வாக்கர் 1955-ல் வயர்லெஸ் வேர்ல்டு இதழில் தொடராக எழுதினார். அடுத்து 1957-ல் அவரது குவாட் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த இஎஸ்எல் ஸ்பீக்கரை இன்னைக்கும் ரிப்பேர் செய்து கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இதையே காதளவுக்குச் சுருக்கியது ஜப்பான்காரர்கள். 1938-ல் தொடங்கப்பட்ட ஷோவா கோவோன் கோக்யோ என்ற கம்பெனி, பிற்பாடு ஸ்டாக்ஸ் என்ற தன் பிராண்டு பெயராலேயே அறியப்பட்டது. அதற்கு முன்னால் அவர்கள் கண்டென்சர் வகை கிராமஃபோன் கார்ட்ரிட்ஜ் செய்துகொண்டிருந்தார்கள், அதாவது இதே தத்துவம் எதிர்த்திசையில். 1959-ல் டோக்கியோ கண்காட்சியில் எஸ்ஆர்-1 என்ற முதல் எலெக்ட்ரோஸ்டாட்டிக் ஹெட்ஃபோனைக் காட்டினார்கள், அடுத்த வருஷம் விற்க ஆரம்பித்தார்கள். ஹெட்ஃபோன் என்று சொல்வது அவர்களுக்குப் பிடிக்காது. இன்றுவரை இயர்ஸ்பீக்கர் என்றுதான் எழுதுகிறார்கள். கொஞ்சம் அதிகப்படியாகத்தான் தெரியும், ஆனால் உள்ளே இருப்பதைப் பார்த்தால் அந்தப் பெயரும் தப்பில்லை.

இங்கேதான் நம்ம ஆம்ப் கதை ஆரம்பிக்கிறது. இந்தப் பெட்டிக்குத் தேவை சில நூறு வோல்ட், ஆனால் கரண்ட் மிகக் குறைவு. வீடுகளில் இருந்த ஆம்ப்களோ ஸ்பீக்கருக்காகச் செய்யப்பட்டவை, குறைந்த வோல்ட், நிறையக் கரண்ட். இரண்டுக்கும் நடுவில் ஒரு டிரான்ஸ்ஃபார்மரைப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. ஸ்டாக்ஸின் எஸ்ஆர்டி வரிசைப் பெட்டிகள் எல்லாம் இதுதான். ஸ்பீக்கர் ஆம்பின் பின்புறத்தில் ஒயரை இணைத்தால், உள்ளே இருக்கிற டிரான்ஸ்ஃபார்மர் பத்து வோல்ட்டைச் சில நூறு வோல்ட்டாக ஏற்றிக் கொடுக்கும். பயாஸ் 230 வோல்ட். சில மாடல்களில் அதைக் கரண்ட் பிளக்கிலிருந்து எடுத்தார்கள், சிலவற்றில் பாட்டின் சிக்னலிலிருந்தே டயோடு வைத்துக் கறந்தார்கள். அமெரிக்காவில் காஸ் கம்பெனி 1968-ல் வெளியிட்ட இஎஸ்பி-6 இன்னும் ஒரு படி மேலே போனது. டிரான்ஸ்ஃபார்மரையே காதுக் கிண்ணத்துக்குள் வைத்துவிட்டார்கள். அதைத் தலையில் மாட்டிக்கொண்டு ஒரு முழு ஆல்பம் கேட்டவர்களின் கழுத்தை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

டிரான்ஸ்ஃபார்மரைக் கேவலமாகப் பேசுவது இன்றைய வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நல்ல ஸ்பீக்கர் ஆம்ப் ஒன்று ஏற்கெனவே வீட்டில் இருந்தால், பழைய எஸ்ஆர்டி-7 மாதிரிப் பெட்டி ஒன்றுதான் இந்த உலகத்துக்குள் நுழைய மலிவான வாசல். வோல்ட்டும் தாராளமாகக் கிடைக்கும். குறை இரண்டு முனைகளில் வரும். அடித்தொனியில் இரும்பு உள்ளகம் நிறைந்துபோகும். உச்சத்தொனியில் சுருளின் லீக்கேஜ் இண்டக்டன்ஸும் ஹெட்ஃபோனின் கெப்பாசிட்டன்ஸும் சேர்ந்து எங்கேயாவது ஒரு மேட்டை உண்டாக்கும். இந்த இரண்டையும் தவிர்க்க, ஆம்பின் கடைசிக் கட்டமே நேரடியாக நூற்றுக்கணக்கான வோல்ட்டை எழுப்ப வேண்டும். அதுதான் டைரக்ட் டிரைவ். வால்வுகளுக்கு 300 வோல்ட் என்பது சாதாரண வேலை. அதனால் அறுபதுகளின் டைரக்ட் டிரைவ் ஆம்ப்கள் வால்வு ஆம்ப்கள். பிறகு உயர்வோல்ட் டிரான்சிஸ்டர்கள் வந்ததும் எழுபதுகளில் டிரான்சிஸ்டருக்கு மாறினார்கள்.

1979-ல் லாம்ப்டா வந்தது, நீள்சதுரமாக, பார்க்க ரேடியேட்டர் கிரில் மாதிரி இருக்குமே, அதுதான். 1982-ல் அதன் புரொஃபஷனல் வடிவத்தோடு பயாஸை 230-லிருந்து 580 வோல்ட்டுக்கு ஏற்றினார்கள். இதைப் புரோ பயாஸ் என்பார்கள், இன்றுவரை ஸ்டாக்ஸின் தரம் இதுவே. சவ்வுக்கும் ஸ்டேட்டருக்கும் நடுவிலான இடைவெளியையும் அதிகப்படுத்தினார்கள், சுமார் அரை மில்லிமீட்டர். ஆகவே பயாஸ் மட்டும் மில்லிமீட்டருக்கு ஆயிரம் வோல்ட்டைத் தாண்டுகிறது. காற்று தாங்கக்கூடியது சுமார் மூவாயிரம். சிக்னலையும் மேலே சேர்த்துப் பார்த்தால் எவ்வளவு ஓரத்தில் நின்று வேலை பார்க்கிறார்கள் என்று புரியும். சென்னை, தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை: ஈரமும் தூசியும் இந்த இடைவெளிக்குள் போனால் மின்னூட்டம் கசியும், ஒரு பக்கம் சத்தம் குறையும், சில சமயம் சீறும். கேட்டு முடித்ததும் மூடி வைப்பது நல்லது.

பழைய சாக்கெட்டில் ஆறு துளை, புரோ சாக்கெட்டில் ஐந்து. ஐந்து முள் பிளக் பழைய சாக்கெட்டில் ஏறும், 230 வோல்ட்டில் மெதுவாகப் பாடும். ஆறு முள் பிளக் புதிய சாக்கெட்டில் ஏறாது, அதனால் பழைய ஹெட்ஃபோனுக்குத் தெரியாத்தனமாக 580 வோல்ட் கிடைக்காது. ஐம்பது வருஷம் கழித்து யாரோ ஒருவர் கைமாற்றி வாங்குவார் என்று யோசித்துச் செய்த மாதிரி இருக்கும். செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்கள் முதலில் எண்ண வேண்டியது இந்தத் துளைகளைத்தான்.

1987-ல் என் டி1. முன்னால் டிரான்சிஸ்டர், கடைசிக் கட்டத்தில் 6எஃப்கியூ7 என்ற வால்வு, சேனலுக்கு ஒன்று. இந்த வால்வு ஒரு காலத்தில் டிவிகளுக்காக மூட்டை மூட்டையாகச் செய்யப்பட்டது, அதனால் மலிவு. ஸ்டாக்ஸ் இதன் வாரிசுகளைப் பல பெயர்களில் பல வருஷம் விற்றது. உள்ளே அடிப்படை ஒன்றே: வால்வின் பிளேட்டுக்கு மேலே ஒரு பெரிய ரெசிஸ்டர். இந்த ரெசிஸ்டரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

இதே காலத்தில் ஜெர்மனியின் சென்ஹைசர் ஒரு பந்தயம் கட்டியது. 1991-ல் ஆர்ஃபியஸ்: எச்இ-90 ஹெட்ஃபோன், கூடவே எச்இவி-90 வால்வு ஆம்ப், மொத்தம் 300 செட்டுகள். ஹெட்ஃபோனும் ஆம்பும் ஒரே கருவியின் இரண்டு பாதிகள் என்று வெளிப்படையாகச் சொன்ன முதல் பொருள் இதுதான் என்பேன். ஸ்டாக்ஸின் பதில் 1993-ல் வந்த எஸ்ஆர்-ஒமேகா. அதோடு சேர்ந்த ஆம்ப் எஸ்ஆர்எம்-டி2.

டி2-வைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். இரண்டு பெட்டிகள். ஒன்றில் பவர் சப்ளை, மற்றதில் ஆம்ப். சின்ன டிரையோடு வால்வுகள், கடைசியில் கித்தார் ஆம்ப்களில் பார்க்கிற பெரிய ஈஎல்34, நடுவே உயர்வோல்ட் டிரான்சிஸ்டர்கள். செலவைப் பற்றி யோசிக்காமல், "இந்த லோடை ஒழுங்காக ஓட்ட என்னவெல்லாம் வேண்டும்" என்று ஒருவர் உட்கார்ந்து வரைந்த சர்க்யூட் அது. பயங்கரமாகச் சூடாகும், அதனாலேயே பழுதாகும் என்று பெயர் வாங்கியது. மிகச் சிலவே தயாராயின. ஜப்பானின் பொருளாதாரக் குமிழி உடைந்த காலம். 1995-ல் ஸ்டாக்ஸ் கம்பெனியே திவாலானது. அடுத்த வருஷம் பழைய ஊழியர்கள் சிலர் சேர்ந்து அதே பெயரில் சின்னதாக மறுபடி தொடங்கினார்கள். டி2 திரும்ப வரவில்லை. ஒரு சின்னக் கம்பெனி அதைச் செய்து விற்கிற நிலையில் இல்லை.

வேடிக்கை என்னவென்றால் ஹெட்ஃபோன் பக்கம் அவர்கள் நிற்கவில்லை. 1998-ல் எஸ்ஆர்-007, ஒமேகா II என்று அழைப்பார்கள். அருமையான ஹெட்ஃபோன், ஆனால் லேசில் மசியாது. ஓட்டுவதற்கு வோல்ட்டும் கரண்ட்டும் தாராளமாகக் கேட்கும் என்று பெயர். அதற்கு ஜோடியாக வந்த ஆம்ப்கள் கௌரவமானவை, ஆனால் டி2 அளவுக்கு யாரும் போகவில்லை. ஹெட்ஃபோன் ஒரு தலைமுறை முன்னால் போய்விட்டது, ஆம்ப் பின்தங்கியது. "அடுத்த ஆம்புக்குப் போங்க" என்ற பேச்சின் வேர் இந்த இடைவெளியில் இருக்கிறது என்பது என் வாசிப்பு. யாரோ கடைக்காரர் கண்டுபிடித்த பேச்சு இல்லை அது.

அந்த இடைவெளியை நிரப்பியது பொழுதுபோக்காக ஆம்ப் கட்டுகிறவர்கள். 2000-ஆம் ஆண்டுவாக்கில் அமெரிக்கரான கெவின் கில்மோர் தன் எலெக்ட்ரோஸ்டாட்டிக் ஆம்ப் சர்க்யூட்களை இணையத்தில் இலவசமாகப் போட ஆரம்பித்தார். முதலில் முழு வால்வு வடிவம், பிறகு முழு டிரான்சிஸ்டர் வடிவம், அதன்பின் இரண்டும் கலந்த புளூ ஹவாய். முன்பக்கம் டிரான்சிஸ்டர், வெளியே ஈஎல்34, சப்ளை கூட்டல் கழித்தல் 400 வோல்ட். இதை ஹெட்ஆம்ப் என்ற அமெரிக்கச் சின்னக் கம்பெனி பொருளாகவே விற்றது, இன்றும் விற்கிறது. 2000-களின் இறுதியில் அவர் டி2-வின் சர்க்யூட்டையே எடுத்து, எது எதனால் வெந்தது என்று பார்த்து, வெப்பத்தை வெளியேற்ற இடம் கொடுத்து, மறுபடி வரைந்தார். உலகின் பல மூலைகளில் சிலர் சேர்ந்து போர்டு அடித்து, பாகங்களை மொத்தமாக வாங்கி, ஆளுக்கு ஒன்று கட்டினார்கள். தாய்க் கம்பெனி கைவிட்ட ஆம்ப், அதைச் செய்தவர்களைவிட அதிகம் பொறுமை உள்ளவர்கள் வீட்டு மேஜைகளில் உயிர்பெற்றது. ஓப்பன் சோர்ஸில் வேலை பார்க்கிற எனக்கு இது ரொம்பப் பழக்கமான கதை, நிறுவனம் மூடினாலும் ஃபோர்க் ஓடிக்கொண்டிருக்கும்.

சரி, இப்போ கணக்குக்கு வருவோம். பெரிய ஆம்ப் உண்மையிலேயே தேவையா?

ஸ்டாக்ஸ் எஸ்ஆர்-009-க்குத் தருகிற அளவு: ஒயரோடு சேர்த்து 110 பிக்கோஃபாரட். 10 கிலோஹெர்ட்ஸில் இது 145 கிலோ ஓம். மேலே போகப்போக ஓம் குறையும், 20 கிலோஹெர்ட்ஸில் பாதி. அதாவது ஆம்புக்கு இந்த லோடு தெரிவது ஒரு சின்ன கெப்பாசிட்டராகத்தான். வோல்ட் எவ்வளவு, அதை எவ்வளவு வேகமாக மாற்ற வேண்டும் என்பதைப் பொறுத்துக் கரண்ட். டி1 வகை ஆம்பின் உச்ச அளவு 300 வோல்ட் ஆர்எம்எஸ் என்று வைப்போம், பீக்கில் 424. இதை 20 கிலோஹெர்ட்ஸில் ஓட்ட 5.9 மில்லிஆம்பியர் பீக் வேண்டும். 10 கிலோஹெர்ட்ஸில் 2.9 போதும்.

இப்போ அந்தப் பிளேட் ரெசிஸ்டர். மாதிரிக் கணக்குக்காக, சப்ளை 320 வோல்ட், ரெசிஸ்டர் 66 கிலோ ஓம் என்று எடுத்துக்கொள்கிறேன். சும்மா இருக்கும்போது ஓடுவது 4.85 மில்லிஆம்பியர். ஒவ்வொரு பக்கமும் 212 வோல்ட் ஆடும்போது அந்த ரெசிஸ்டர் மட்டுமே 3.2 மில்லிஆம்பியரை விழுங்குகிறது, ஹெட்ஃபோனுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லாமல். ரெசிஸ்டர் கரண்ட்டும் கெப்பாசிட்டர் கரண்ட்டும் 90 பாகை தள்ளி இருப்பதால் வர்க்கம் கூட்டி மூலம் எடுக்க வேண்டும். மீதி கிடைப்பது சுமார் 3.6. முழு வோல்ட்டில் இது 12 கிலோஹெர்ட்ஸ் சொச்சம்வரை தாங்கும், அதற்குமேல் மூச்சு வாங்கும். ரெசிஸ்டரை எடுத்துவிட்டு அதே 4.85 மில்லிஆம்பியரை மாறாமல் கொடுக்கிற கரண்ட் சோர்ஸ் ஒன்றை வைத்தால்? வீணாகிற 3.2 மிச்சமாகும், அதே வால்வு, அதே சப்ளை, அதே சூடு, ஆனால் 16 கிலோஹெர்ட்ஸைத் தாண்டி வரும். அதோடு வால்வுக்கு ஆடுகிற லோடு இல்லாததால் டிஸ்டார்ஷனும் குறையும். டி1 குடும்பத்து ஆம்ப்களுக்கு ஆர்வலர்கள் செய்கிற பிரபலமான மாற்றம் இதுதான். சேனலுக்கு இரண்டு என்று மொத்தம் நான்கு ரெசிஸ்டரை எடுத்துவிட்டு, 900 வோல்ட் தாங்கும் கரண்ட் ரெகுலேட்டர் ஐசி நான்கை ஹீட்சிங்க்கோடு வைக்கிறார்கள்.

இங்கே நிறுத்திவிட்டால் நான் ஒரு கட்சிக்காக வாதாடுகிறவன் ஆகிவிடுவேன். மறுபக்கக் கணக்கும் இருக்கிறது. இந்த ஹெட்ஃபோன்களின் உணர்திறன் 100 வோல்ட்டுக்குச் சுமார் 100 டெசிபல். 300 வோல்ட் என்றால் 109 டெசிபல் சொச்சம், கோயில் திருவிழா ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி. நான் வீட்டில் கேட்பது சராசரி 75, 80 டெசிபல். அதற்குப் பத்து வோல்ட்டே தாராளம். நாதஸ்வரமோ தவிலோ திடீரென்று 20 டெசிபல் எகிறினாலும் நூறு வோல்ட். இசையில் 12 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிற ஆற்றல் பொதுவாக நடுத்தொனியைவிட ரொம்பக் கீழே. அப்போ, டி1 திணறுகிற அந்த மூலைக்கு நான் போகவே மாட்டேன். "பாதிதான் தெரியும்" என்பது மிகைப்பேச்சு.

ஆனால் முழுப் பொய்யும் இல்லை. சத்தமாகக் கேட்கிறவர்களுக்கும், 007 மாதிரிக் கொஞ்சம் மந்தமான ஹெட்ஃபோன் வைத்திருப்பவர்களுக்கும் அந்த மூலை அவ்வளவு தூரத்தில் இல்லை. பெரிய ஆம்பில் 007-ஐ நான் கேட்டிருக்கிறேன். அடித்தொனியில் ஒரு பிடிமானம் தெரிந்தது, சபாவில் மிருதங்கத்தின் தொப்பி விழுகிற இடம் தெளிவாக இருந்தது. இது கண்ணைக் கட்டிக்கொண்டு செய்த சோதனை இல்லை என்பதையும் சேர்த்துப் படியுங்கள். ஈஎல்34 நான்கு எரிகிற பெட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டால் காது கொஞ்சம் கண் பேச்சையும் கேட்கும்.

விற்பனைக்காரர்கள் சொல்லாத, எனக்கு முக்கியமாகப் படுகிற இன்னொரு விஷயம் பாகங்கள். டிரான்சிஸ்டர் வடிவங்களுக்கு 900 வோல்ட் தாங்கும் பிஎன்பி டிரான்சிஸ்டர் வேண்டும். சான்யோவின் 2எஸ்ஏ1968 மாதிரி ஒன்றிரண்டுதான் உலகத்தில் இருந்தன. பழைய பிக்சர் டியூப் டிவியும் மானிட்டரும் போனபோது அவற்றோடு இந்தப் பாகங்களின் சந்தையும் போனது, தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். சந்தையில் போலிகள் புகுந்தன. 400 வோல்ட் சப்ளையில் போலி டிரான்சிஸ்டர் என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை. கில்மோரின் பிற்கால வடிவமான கார்பன் இதற்கு ஒரு வழி கண்டது: சிலிக்கான் கார்பைடு மாஸ்ஃபெட், 1700 வோல்ட் தாங்கும். சோலார் இன்வெர்ட்டர் மாதிரித் தொழிற்சாலைப் பொருள்களுக்காக வந்த பாகம். டிவி உலகம் கைவிட்டதைச் சோலார் உலகம் காப்பாற்றியது. அதனால் ஆம்ப் தேர்ந்தெடுக்கிறவர்களுக்கு என் முதல் கேள்வி ஒலியைப் பற்றியதே இல்லை: பத்து வருஷம் கழித்து இது போனால் உள்ளே இருக்கிற பாகம் கிடைக்குமா? இந்தக் கேள்வியில் என் 6எஃப்கியூ7 பல புதிய ஆம்ப்களைவிட நல்ல மார்க் வாங்குகிறது.

பெரிய கம்பெனிகளும் பின்னாளில் விழித்துக்கொண்டன. 2011-ல் எஸ்ஆர்-009 வந்தது, அந்த ஆண்டு இறுதியிலேயே சீனாவின் எடிஃபையர் ஸ்டாக்ஸை வாங்கியது. டி2-க்குப் பிறகு தன் உச்ச ஆம்ப் என்று ஸ்டாக்ஸ் முன்வைத்த எஸ்ஆர்எம்-டி8000 வர 2017 ஆனது, இருபது வருஷத்துக்கும் மேல். சென்ஹைசர் 2015-ல் அறிவித்த எச்இ-1 எனக்கு ரொம்பப் பிடித்த தீர்வு. கராரா சலவைக்கல் பெட்டியும் தானாக எழும்பி வரும் எட்டு வால்வுகளும் வெறும் ஷோ. உண்மையான வேலை காதுக் கிண்ணத்துக்குள் இருக்கிறது. கடைசி உயர்வோல்ட் கட்டத்தையே உள்ளே வைத்துவிட்டார்கள். ஒயரின் கெப்பாசிட்டன்ஸை ஓட்டுவதில் வீணாகிற கரண்ட் அப்படியே மிச்சம். காஸ் 1968-ல் டிரான்ஸ்ஃபார்மரைக் கிண்ணத்துக்குள் திணித்ததன் பேரப்பிள்ளை இது. விலை ஐம்பதாயிரம் யூரோ என்று அறிவித்தார்கள், அதனால் இந்தப் பத்தி இத்தோடு போதும்.

நம்ம ஊரில் வாங்குகிறவர்களுக்கு இரண்டு விஷயம். ஜப்பானிலிருந்து வருகிற செட் 100 வோல்ட். நம்ம 230-ல் நேராகச் செருகினால் கதை முடிந்தது. பல பழைய மாடல்களில் டிரான்ஸ்ஃபார்மரின் இணைப்பை மாற்றி 220, 240-க்குக் கொண்டுவர முடியும், பிற்பாடு வந்த பலவற்றில் முடியாது. வாங்குவதற்கு முன்பே அந்த மாடலின் உள்படத்தைப் பார்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் நல்ல ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மருக்கும் சேர்த்துப் பட்ஜெட் போடுங்கள். இரண்டாவது, பெட்டியைத் திறக்கிறவர்களுக்கு. பயாஸ் 580 வோல்ட் என்றாலும் அது 4.7 மெகா ஓம் வழியாக வருகிறது. ஷார்ட் ஆனாலும் எட்டில் ஒரு மில்லிஆம்பியர்தான் ஓடும், சுள்ளென்று இருக்கும், அவ்வளவுதான். ஸ்டேட்டர் ஒயர்கள் அப்படி இல்லை. அவற்றுக்கும் ஆம்புக்கும் நடுவே இருப்பது வெறும் 5 கிலோ ஓம் சொச்சம். ஆள் மேல் பாய அது போதும். ஸ்விட்சை அணைத்த பிறகும் சப்ளை கெப்பாசிட்டர்களில் வோல்ட் நிற்கும். மீட்டர் வைத்துப் பார்க்காமல் கை வைக்க வேண்டாம், ஒரு கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு வேலை செய்யச் சொன்ன பழைய ரேடியோ மெக்கானிக்குகள் தெரிந்துதான் சொன்னார்கள்.

நான் டி1-ஐக் கொடுக்கப் போவதில்லை. கரண்ட் ரெகுலேட்டர் நான்கு, ஹீட்சிங்க், முப்பது வருஷத்துக்கு மேல் உழைத்த எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களுக்குப் புது மாற்று, ஒரு ஜோடி வால்வு. கூட்டிப் பார்த்தால் பெரிய ஆம்பின் விலையில் இருபதில் ஒரு பங்குகூட வரவில்லை. ஆர்டர் போட்டாயிற்று. மாற்றுவதற்கு முன்னும் பின்னும் டிஸ்டார்ஷனையும் 20 கிலோஹெர்ட்ஸ் சதுர அலையையும் அளந்து, வரைபடங்களோடு எழுதுகிறேன். ஸ்கோப்பில் போட 1000 வோல்ட் தாங்கும் புரோப் மட்டும் இன்னும் வரவேண்டியிருக்கிறது.